பல் டொக்டரின் வெள்ளை வேட்டி

ஊர்காவற்றுறைப் பல்லாஸ்பத்திரியில் பிள்ளைகள் அழுவது கோயில் மணி போல நேரம் தவறாத சங்கதி. காலையில் கதவு திறக்கும், முதற்பிள்ளை உள்ளே போகும், சத்தம் கேட்கும். சந்தையில் மீன் விற்கிறவர்கள் அந்தச் சத்தத்தைக் கொண்டு நேரம் சொல்லுவார்கள். அதை ஒருவரும் ஒரு குறையாக எடுத்ததில்லை. பல்லைப் பிடுங்கினால் அழத்தானே வேணும், பாட்டோ படிக்கிறது என்று இருந்துவிட்டார்கள். தீவார் என்றால் யாழ்ப்பாணப் பட்டினத்தார் பகிடி பண்ணுவார்கள். நாங்களும் சேர்ந்து சிரிப்போம். பகிடி எங்களைப் பற்றியது என்பது வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் விளங்கும். அப்படிப்பட்ட எங்களுக்கு, எங்கள் பிள்ளைகளின் அழுகையைக் குறித்துக் கொழும்பிலே பெரியவர்கள் மாநாடு கூடிக் கவலைப்படுகிறார்கள் என்பது எப்படித் தெரியும்?

நாரந்தனை இரஞ்சிதத்துக்கும் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மகள் நாகபூசணிக்குக் கடைவாயிலே ஒரு சூத்தைப் பல்லு, பிள்ளை சோறு சப்பாமல் கன்னத்தைப் பொத்திக்கொண்டு குசினி வாசலில் குந்தியிருக்கிறாள் என்பதுதான். புருஷன் அரியநாயகம் ஊரில் இல்லை. நாரந்தனையில் பாதி ஆம்பிளைகள் ஊரில் இல்லை. எல்லாரும் தெற்கே கடை வைத்திருந்தார்கள். அரியநாயகத்தின் கடை குருநாகலுக்கு அங்காலே ஒரு சின்னப் பட்டணத்தில். சித்திரைக்கும் தீபாவளிக்கும் வருவார். மற்ற நாட்களில் அவர் வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சேட்டுமாக அலுமாரிக்குள் மடிந்திருப்பார்.

ஆகவே அவள்தான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாள். பல் டொக்டர் அம்பலவாணர் சாதுவான மனிசர். நுளம்பு கடித்தாலும் அடிக்காமல் ஊதி அனுப்புகிறவர். அவருடைய வெள்ளைக் கோட்டைக் கண்டதும் பூசணி வாயை மூடினாள். டொக்டர் கெஞ்சினார், கொஞ்சினார், பிறகு விரலை விட்டுப் பார்த்தார். விரலை ஊதிக்கொண்டு கதிரையில் இருந்தார்.

"முந்தியெண்டால் இந்த ஜோசப்பின் வந்து பிள்ளையின்ரை தலையைப் பிடிப்பா, நான் புடுங்கிப் போடுவன். இப்ப அப்பிடிச் செய்யேலாது, தங்கச்சி. சுற்றறிக்கை வந்திருக்கு."

கரம்பொன் மேரிஜோசப்பின் என்பவள் பல்லாஸ்பத்திரியின் உதவியாள். கொஞ்சம் வாய்க்காரி. சுவரில் ஒட்டியிருந்ததை அவள்தான் வாசித்துக் காட்டினாள். அச்சமுற்ற பாலகரின் வாயினுள் எந்த உத்தியோகத்தரும் கைவைத்தலாகாது. பாலகரின் அச்சத்துக்குக் காரணம் பல் வைத்தியரின் உடையே என ஆய்வினால் நிறுவப்பட்டுள்ளது. பொருத்தமான உடை தீர்மானிக்கப்படும் வரை ஊர்காவற்றுறைப் பிரிவுப் பாலகர் அனைவரும் திட்டத்துக்கு உட்பட்டோராவர்.

"பிள்ளைக்குப் பல்லெல்லோ நோகுது, ஐயா" என்றாள் இரஞ்சிதம்.

டொக்டர் கடதாசியை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். "நோவைப் பற்றி இதிலை ஒண்டும் எழுதேல்லை."

"உடுப்பு முடிவாகுமட்டும் பல்லைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கோவன்" என்றாள் ஜோசப்பின்.

பட்டினத்துக்குக் கொண்டுபோய்க் காட்டலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். இரஞ்சிதமும் அப்படித்தான் நினைத்து, பஸ் ஏறி, பாலம் கடந்து போனாள். திட்டத்துக்கு உட்பட்ட பிள்ளையை வெளியார் தொட்டால் ஆய்வு பழுதாகிவிடும் என்று பெயர் விபரம் அங்கே முன்னமே போய்ச் சேர்ந்திருந்தது. அரசாங்கத்துக் காரியம் அவ்வளவு விரைவாக நடந்து அவள் அதற்கு முன் கண்டதில்லை. திரும்பி வரும்போது பிள்ளை அவள் மடியில் நித்திரையாகிவிட்டாள். கன்னம் சேலையில் பட்ட இடம் சுட்டது.

அந்தக் கிழமையே யாழ்ப்பாணத்திலிருந்து ஜீப்பில் அத்தியட்சர் கனகசபை வந்தார். பிராந்தியப் பற்சுகாதார அத்தியட்சர். தாய்மாரை நீள வாங்குகளில் இருத்தி, அவர் நின்றுகொண்டு பேசினார்.

"அன்பான பெற்றோர்களே, பிள்ளை பல்லுக்குப் பயப்படுவதில்லை. குறட்டுக்கும் பயப்படுவதில்லை. கோட்டுக்கே பயப்படுகிறது. கோட்டை மாற்றினால் பயம் போகிறது. பயம் போனால் நோவு எங்கே நிற்கும்? நிற்க இடமில்லை. நான் இந்தத் திணைக்களத்தில் சேர்ந்த நாள் தொடக்கம் இன்றுவரை எனக்கு ஒரு பல்லுக்கூட நொந்தது கிடையாது. காரணம், நான் ஒருநாளும் வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் இருந்ததில்லை."

தாய்மார் கை தட்டினார்கள். எங்கள் ஊரில் ஜீப்பில் வந்தவர் பேசி முடித்தால் கை தட்டுவது வழக்கம்.

முதலில் வந்தது காக்கி. யாரோ பெரியவரின் மேசையில் சாரணப் பிள்ளைகள் காக்கி உடுப்பில் சிரித்துக்கொண்டு நிற்கிற படம் ஒன்று இருந்ததாம். கொழும்பில் காக்கி என்றால் சிரிக்கிற சாரணர். ஊர்காவற்றுறையில் காக்கி என்றால் வேறு. அக்கரை இந்தியாவிலிருந்து வள்ளத்தில் கைலிச் சாரம், சேலை, பீடியிலை எல்லாம் இரவோடிரவாக இறங்குகிற துறை அது. காக்கி உடுப்பு வீட்டு வாசலில் வந்து நின்றால் என்ன சொல்ல வேணும் என்று பிள்ளைகளுக்கு எழுத்துப் பழக்க முன்னமே பழக்கியிருப்பார்கள்.

அம்பலவாணர் காக்கிக் கோட்டோடு கதவைத் திறந்ததும் வாங்கில் இருந்த பிள்ளைகள் எல்லாம் எழும்பி நின்று, "எங்கடை வீட்டிலை ஒண்டுமில்லை" என்று ஒரே குரலில் சொல்லின.

"ஒண்டுமில்லையோ?" என்றார் டொக்டர், விளங்காமல்.

"கிணத்துக்குள்ளையும் இல்லை" என்றது ஒரு வாண்டு. தாய் அதன் வாயைப் பொத்தினாள். பின்வரிசையில் பல்லு நோவோடு வந்திருந்த ஆம்பிளைகள் நோ மாறி வீட்டுக்குப் போய்விட்டார்கள். 'பாலகர் தாமாகவே உரையாட முன்வருகின்றனர்' என்று அத்தியட்சர் அறிக்கை அனுப்பினார். பல்லுகள் இருந்த இடத்தில் இருந்தன. பூசணியின் கன்னம் கொழுக்கட்டை அளவுக்கு வீங்கியது. இரஞ்சிதம் கராம்பைத் தட்டி வைத்தாள், உப்புத்தண்ணி கொப்பளிக்கச் சொன்னாள், கஞ்சியை வடித்து வடித்துக் கொடுத்தாள்.

அடுத்தது சிவப்பு. உலகமெங்கும் பிள்ளைகளுக்குப் பிடித்த நிறம் சிவப்பு என்று கொழும்பில் ஒருவர் வாசித்துவிட்டார். கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் சிவப்பு அங்கி ஒன்று பார்சலில் வந்தது. அதைப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் குறட்டோடு, மறுகையில் வாய் கழுவுகிற தண்ணிக் குழாயோடு அம்பலவாணர் வாசலில் வந்து நின்றபோது இரஞ்சிதமே பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வைரவர் கோயில் வேள்வியை அவள் சின்ன வயதிலிருந்து பார்த்தவள். சிவப்புப் பட்டுக் கட்டினவர் கத்தியோடு வருவார். ஆட்டின் தலையிலே தண்ணீர் தெளிப்பார்கள். ஆடு தலையைச் சிலுப்பினால் சம்மதம் என்று பொருள். சிலுப்பாதமட்டும் வெட்ட மாட்டார்கள். அது பிள்ளைகளுக்கும் தெரியும்.

குழாயில் காற்று அடைத்திருந்திருக்க வேணும். டொக்டர் திறந்ததும் தண்ணீர் சீறி, முன்வாங்குப் பிள்ளைகளின் தலையெல்லாம் தெளித்தது.

ஒரு பிள்ளையும் அசையவில்லை. தண்ணீர் நெற்றியால் வழிந்து கண்ணுக்குள் போனது. துடைக்கவில்லை. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"பல்லு நோகுதோ, பிள்ளை?" என்று டொக்டர் பூசணியைக் கேட்டார். பதில் இல்லை. "வாய் திறக்காட்டில் தலையையாவது ஆட்டன், ராசாத்தி." வீங்கின கன்னத்தோடு பூசணி கல்லுப்போல நின்றாள். அவளுடைய கை மட்டும் தாயின் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தது.

'பூரண அமைதி. எந்தப் பாலகரும் மறுப்புத் தெரிவிக்கவில்லை' என்றது அறிக்கை.

அன்றிரவு பிள்ளைக்குச் சுரம் காய்ந்தது. விடியப் பார்த்தால் வலக்கண் பாதி மூடிவிட்டது. இரஞ்சிதம் நயினாதீவு நாகபூசணி அம்மனுக்கு நேர்த்தி வைத்தாள். பேரே அம்மனுடைய பேர், கைவிடமாட்டா என்று நினைத்தாள். பிறகு அம்மனும் திட்டத்துக்கு உட்பட்டவவோ என்று ஒரு நினைப்பு வந்தது. வாயில் போட்டுக்கொண்டாள்.

இரண்டு உடுப்பும் சரிவராததால் கனகசபை நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்தார். "நாங்கள் பெரியவர்கள் தீர்மானிப்பது பிழை. பிள்ளைகளே சொல்லட்டும்" என்றார். கேட்கிறதுக்கு நியாயமாகத்தான் இருந்தது. பிள்ளைகளுக்கு வெள்ளைக் கடதாசியும் நிறப் பென்சிலும் கொடுத்தார். எந்த ஆளைக் கண்டால் ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்பாயோ அந்த ஆளைக் கீறு என்றார். பென்சில்கள் புதிது. சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் இருந்தன. ஒரு பிள்ளையும் அவற்றைத் தொடவில்லை. வெள்ளைக் கடதாசியில் கறுப்புப் பென்சிலால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே ஆளைத்தான் கீறியிருந்தன. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டு, கழுத்தில் சால்வை. ஒரு கையில் குடை, மற்றக் கையில் தகரப் பெட்டி.

கனகசபை படங்களை மேசையில் பரப்பிப் பார்த்தார். வந்திருந்த தாய்மாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"அற்புதம். ஒரே மனிதர். இவர் யார்? இந்தக் கிராமத்தின் தலைவரா?"

தாய்மார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இரஞ்சிதந்தான் சொன்னாள். "அது ஒராள் இல்லை, ஐயா. அது இதுகளின்ரை தேப்பன்மார். பெருநாளுக்குக் கடையிலையிருந்து பஸ்ஸிலை வந்து இறங்கிறது."

"அப்படியானால் ஏன் ஒருவருக்கும் முகம் இல்லை?"

அதை அப்போதுதான் அவள் கண்டாள். சேட்டுப் பொத்தான்கள் இருந்தன. குடையின் கம்பி, பெட்டியின் பூட்டு எல்லாம் இருந்தன. கழுத்துக்கு மேலே ஒரு வட்டம், அவ்வளவுதான். பூசணியின் படத்திலும் அப்படித்தான்.

"வருஷத்திலை ரெண்டு தரந்தானே, ஐயா, காணுதுகள்" என்றாள். படத்தை மற்றவற்றுக்குக் கீழே தள்ளினாள்.

"கவலைப்பட வேண்டாம்" என்றார் கனகசபை. "முகம் இல்லாதது திணைக்களத்துக்கு மிகவும் வசதி."

அன்று தொடக்கம் ஊர்காவற்றுறைப் பல் வைத்தியரின் உடை வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டு, சால்வை, குடை, பெட்டி என்று தீர்மானமானது. வெள்ளைக் கோட்டில் தொடங்கின திட்டம் வெள்ளை வேட்டியில் வந்து நின்றதைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. திணைக்களத்துக் களஞ்சியத்தில் வேட்டி என்றொரு பொருள் கிடையாது. புதிதாகச் சேர்ப்பதென்றால் அமைச்சு வரைக்கும் போய் வர வேணும். அம்பலவாணரோ காற்சட்டைக்காரர்.

ஜோசப்பின் பின்னேரம் நாரந்தனைக்கு வந்தாள். "டொக்டரும் உன்ரை மனிசனும் ஒரே உயரம், ஒரே ஒல்லி. ஒரு சோடி தாவன், பிள்ளை. நாளைக்கே புடுங்கிப் போடலாம்."

"அது அவற்றை உடுப்பெல்லோ, அக்கா."

"உடுத்துப்போட்டுத் தருவினம். டொக்டர் என்ன அதைத் திண்டு போடுவாரோ?"

இரஞ்சிதம் அலுமாரிக்கு முன்னால் கனநேரம் நின்றாள். ஆளில்லாத வேளைகளில் அந்தச் சேட்டை எடுத்து முகத்தில் வைத்துப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு இருந்தது. வண்ணான் வெளுத்த உடுப்பிலும் அவருடைய சந்தனச் சவர்க்கார மணம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். மற்ற அறையில் பிள்ளை முனகினாள். முனகலில் சொல் ஒன்றும் இல்லை. வாய் திறந்து சொல்ல ஏலாத அளவுக்குத் தாடை இறுகிவிட்டது. இரஞ்சிதம் உடுப்பை எடுத்துக் கொடுத்தாள். குடையையும் கொடுத்தாள்.

அடுத்த நாள் பல்லாஸ்பத்திரி முற்றத்தில் பிள்ளைகளை நிறுத்தினார்கள். டொக்டர் உள்ளே இருந்து வரக்கூடாது, பஸ்ஸில் வந்து இறங்கித்தான் நடந்துவர வேணும் என்பது கனகசபையின் கட்டளை. பஸ் வந்தது. குடை முதலில் இறங்கியது. பிறகு பெட்டி. பிறகு வேட்டி.

பிள்ளைகள் ஓடின. வேட்டியைப் பிடித்தன, காலைக் கட்டின, பெட்டியில் தொங்கின. பெட்டிக்குள், தகப்பன்மார் கொண்டுவருகிறது போல, உண்மையாகவே தொதல் என்கிற இனிப்பு இருந்தது. அதன் கீழே குறடும் ஊசியும் துணியில் சுற்றியிருந்தன. அம்பலவாணருக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. இத்தனை கை தன் கழுத்தைச் சுற்றினதில் மனிசரின் கண் கலங்கிப்போய்விட்டது என்று ஜோசப்பின் பிறகு சொன்னாள்.

பூசணி ஓடவில்லை, ஓட ஏலாது. இருந்த இடத்தில் இருந்தபடியே இரண்டு கையையும் நீட்டினாள். டொக்டர் தூக்கினார். அவள் தன் வீங்கின கன்னத்தைச் சேட்டில் சாய்த்து, மூச்சை இழுத்து, கண்ணை மூடினாள். அப்படியே உள்ளே போனார்கள். ஜோசப்பின் கதவைச் சாத்தினாள்.

வெளியே தாய்மார் காத்திருந்தார்கள். அழுகைச் சத்தம் கேட்கவில்லை. ஒரு பிள்ளை வந்தது, அடுத்தது போனது. சந்தைக்காரர் நேரம் தெரியாமல் வந்து எட்டிப் பார்த்தார்கள். கேட்காத சத்தத்துக்கு இரஞ்சிதம் காது கொடுத்துக்கொண்டு நின்றாள். அழுதால் நல்லது போல இருந்தது அவளுக்கு, ஏனென்று தெரியவில்லை.

பூசணி வாயில் பஞ்சோடு வெளியே வந்தாள். கண்ணில் நீர் இல்லை. தாயை அண்ணாந்து பார்த்து, "அம்மா, அப்பா புடுங்கிப் போட்டார்" என்றாள்.

"அவர் டொக்டர், பிள்ளை."

பூசணி கையில் இருந்த தொதலைத் தாயிடம் கொடுத்தாள்.

வீக்கம் வற்றியது. சுரம் விட்டது. கண் திறந்தது. பிள்ளை சோறு சாப்பிட்டாள், இரஞ்சிதம் நயினாதீவுக்குப் போய்ப் பொங்கினாள். அத்தியட்சருக்கு வரவேற்பு நடந்தது, மாலை போட்டார்கள். "இனி இந்தத் தீவுகளிலே எந்தப் பிள்ளையும் எந்தப் பல் வைத்தியருக்கும் பயப்படாது. பயத்தை நாங்கள் அந்த உடையிலிருந்து அகற்றிவிட்டோம்" என்றார். அகற்றின பயத்தை எங்கே வைத்தார் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. திட்டம் வேலணைக்குப் போனது, புங்குடுதீவுக்குப் போனது, வள்ளம் ஏறி நெடுந்தீவுக்கும் போனது. வேட்டியும் குடையும் போன ஊரெல்லாம் அழுகை நின்றது.

சித்திரை வருஷப் பிறப்புக்கு முதல்நாள் பின்னேர பஸ்ஸில் நாரந்தனையார் வந்தார்கள். மற்ற வருஷங்களில் பஸ் திரும்புமுன்னம் றோட்டு நிறையப் பிள்ளைகளாக இருக்கும். சாரதி ஹோர்ன் அடித்து அடித்துக் களைப்பான். அன்று அவன் ஹோர்ன் அடிக்கத் தேவையில்லாமல் போயிற்று. வெள்ளை வேட்டிகள் ஒவ்வொன்றாக இறங்கின. குடைகள், பெட்டிகள். றோட்டில் ஒரு நாய் நின்றது. அதுவும் பார்த்துவிட்டுப் போய்விட்டது. பனங்கூடலுக்குள்ளே, கிடுகு வேலிகளுக்குப் பின்னாலே ஏதோ சரசரத்தது. பார்த்தால் ஒன்றுமில்லை. பெட்டியைக் கைமாற்றிக்கொண்டு ஆம்பிளைகள் அவரவர் ஒழுங்கைக்குள் நடந்தார்கள்.

அரியநாயகம் படலையைத் திறந்து, "பூசணி" என்று கூப்பிட்டார். மூன்றாம் தரம் கூப்பிட்டபோது இரஞ்சிதம் குசினியைக் காட்டினாள். நெல்லுக் குதிருக்குப் பின்னால், சுவரோடு சுவராகப் பிள்ளை ஒட்டிக்கொண்டு நின்றாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள்.

"அப்பா எல்லோ வந்திருக்கிறன்." அவர் குந்தியிருந்து பெட்டியைத் திறந்தார். "இஞ்சை பார், தொதல்."

தொதலைக் கண்டதும் பிள்ளை சுவரோடு இன்னும் ஒடுங்கினாள். அவர் கையை நீட்டினார். அவள் கடித்துவிட்டாள்.

"என்னப்பா இது, இரஞ்சிதம்?" கோபமில்லை அவருக்கு. கடிபட்ட கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, தெரியாத வீட்டுக்கு வந்துவிட்டவர் போல நின்றார்.

சொல்லியிருக்கலாம். உங்கடை உடுப்பை நான்தான் எடுத்துக் குடுத்தனான் என்று ஒரு வசனம். அவள் குனிந்து தொதலைப் பொறுக்கினாள்.

நின்ற நாளெல்லாம் பூசணி அவருக்கு முன்னால் வாய் திறக்கவில்லை. சோறும் அவர் வெளியே போன பிறகுதான். வருஷப்பிறப்புக் கைவிசேஷக் காசு கொடுத்தபோது ஒரு கையை நீட்டி வாங்கினாள். மற்றக் கை வாயில். திரும்பிப் போகிற அன்று பஸ்ஸடியில் அரியநாயகம் சிரிக்கப் பார்த்தார். "தீபாவளிக்கு வரேக்கை மறந்திடுவாள்."

"ஓம்" என்றாள் இரஞ்சிதம்.

பஸ் போனதும் அவள் நேரே பல்லாஸ்பத்திரிக்குப் போனாள். கனகசபையின் ஜீப் வாசலில் நின்றது.

"ஐயா, பிள்ளையள் தேப்பனைக் கண்டு ஒளிக்குதுகள். என்ரை பிள்ளை மாத்திரமில்லை, ஊர் முழுக்க."

கனகசபை ஆறுதலாகக் கேட்டார். "பல் வைத்தியரைக் கண்டு ஒளிக்கிறார்களா?"

"அதில்லை, ஐயா. தேப்பனை."

"அப்படியானால் அது எங்கள் பகுதி அல்ல, அம்மா. தகப்பன்மார் சமூக சேவைப் பகுதிக்கு உட்பட்டோர்." கொஞ்சம் யோசித்தார். முகம் கறுத்தது. "ஆனாலும் இதில் ஒரு பாரதூரமான விடயம் இருக்கிறது. கண்டவர்களும் பல் வைத்தியரின் உடையை உடுத்துக்கொண்டு திரிந்தால் பிள்ளைகள் குழம்பத்தான் செய்வார்கள்."

அம்பலவாணர் தன் வேட்டியைப் பார்த்தார். பிறகு இரஞ்சிதத்தைப் பார்க்காமல் யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

ஒரு மாதத்தில் சுற்றறிக்கை வந்தது. பற்சுகாதாரப் பகுதியின் உத்தியோக உடையான வெள்ளை வேட்டி, சேட்டு, சால்வை, குடை, பெட்டி ஆகியவற்றைத் தகப்பன்மார் அணிந்து பாலகர் முன் தோன்றுதல் தண்டனைக்குரிய குற்றமாகும். வெளியூரில் தொழில் புரியும் தகப்பன்மார் ஊர் திரும்பும்போது வேறு உடையில் வருதல் வேண்டும்.

"இனி என்னத்தை உடுத்துக்கொண்டு வாறதாம்?" என்று ஜோசப்பின் கேட்டாள்.

"அதைப் பற்றி இதிலை எழுதேல்லை" என்றார் டொக்டர். அவர் அந்த வசனத்தை இப்போது அடிக்கடி சொல்லத் தொடங்கியிருந்தார்.

அந்த வருஷம் ஆவணி மாதம், தீபாவளிக்கு எவ்வளவோ முன்னதாகவே, எல்லாத் தகப்பன்மாரும் வேறு உடையில் வந்தார்கள்.

முதலில் றேடியோவில் இனங்களுக்கிடையே நல்லெண்ணம் பற்றிப் பேசினார்கள். றேடியோ நல்லெண்ணம் பற்றிப் பேசினால் எங்கள் பெண்டுகள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து குந்துவார்கள். பிறகு தெற்கிலே தமிழரின் கடைகள் எரிகிறதாகக் கதை வந்தது, தெற்குப் பக்கத்துத் தபால் நின்றது. பிறகு, தப்பினவர்களைக் கப்பலில் ஏற்றிக் காங்கேசன்துறையில் இறக்குகிறார்களாம் என்றார்கள். இரஞ்சிதம் ஒவ்வொரு நாளும் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸடிக்குப் போனாள். ஊர்ப் பெண்டுகள் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள்.

பஸ் வந்த நாளில் கனகசபையும் ஜீப்போடு நின்றார். அகதிகளை ஏற்கிற வேலைக்கு அரசாங்க உத்தியோகத்தர் எல்லாரையும் விட்டிருந்தார்கள். அம்பலவாணர் உத்தியோக வேட்டியோடு ஜீப்புக்குப் பின்னால், பிள்ளைகள் காணாதபடி மறைந்து நின்றார்.

இறங்கினவர்களில் ஒருவரிடமும் குடை இல்லை. பெட்டி இல்லை. ஒருவர் கோணிச் சாக்கைப் போர்த்திருந்தார். ஒருவர் பொம்பிளைச் சட்டை போட்டிருந்தார். சேட்டில்லாதவர், செருப்பில்லாதவர், கந்தல் சாரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு இறங்கினவர். பல நாள் மழிக்காத முகங்கள். பெண்டுகள் யார் யாரென்று தேடிக்கொண்டு நிற்க, பிள்ளைகள்தான் முதலில் ஓடின. வெள்ளை இல்லை என்று கண்டதும் பயமில்லாமல் ஓடின, ஆளாளுக்கு ஒவ்வொரு ஊத்தைக் காலைக் கட்டின.

கனகசபைக்குத் தொண்டை அடைத்தது. ஆய்வு பலித்தவருக்கு அடைக்கிற அடைப்பு.

"கவனித்தீரா, டொக்டர்? ஒரு பிள்ளைகூடப் பின்வாங்கவில்லை. கந்தல் சாரம், கிழிந்த சேட்டு, மழிக்காத முகம். நாங்கள் இவ்வளவு காலமும் தேடியது இதைத்தான். அடுத்த வருஷத்துக்கு இந்த உடையைச் சிபாரிசு செய்ய வேண்டும். எழுதும்."

"என்னட்டைப் பேனை இல்லை, ஐயா" என்றார் அம்பலவாணர். அவர் போட்டிருந்த அரியநாயகத்தின் சேட்டுப் பையில் பேனை குத்தியிருந்தது.

கடைசியாக இறங்கினவர் ஒல்லியாக, உயரமாக இருந்தார். சாரம் கட்டை, முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்றது. சேட்டு யாரோ தடித்த ஆளுடையது. இரஞ்சிதம் நின்ற இடத்திலேயே பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்தாள். அவரும் கிட்ட வரவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொண்டு தூரத்திலேயே நின்றார். ஒரு கையால் வாயைப் பொத்தியிருந்தார்.

பூசணி அந்தக் கையைப் பார்த்தாள். அது என்ன பொத்தல் என்று அந்த ஊரில் அவளுக்குத் தெரிந்த அளவு ஒருவருக்கும் தெரியாது. தாயின் கையை விட்டுவிட்டு நடந்து போனாள்.

"அப்பா, குந்துங்கோ."

அவர் குந்தினார்.

"வாயைத் திறவுங்கோ. நோகாது."

அவர் கையை எடுத்தார். மேல் முன்பல்லு ஒன்றும் இல்லை. கீழ் உதடு பிளந்து காய்ந்திருந்தது. இரஞ்சிதம் சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். பூசணி கழுத்தைச் சரித்து, மேலும் கீழும், டொக்டர் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, அவருடைய கன்னத்தில் கை வைத்தாள்.

"அழுதனீங்களோ?"

"இல்லை, பிள்ளை."

"புடுங்கினவை என்ன உடுப்புப் போட்டிருந்தவை?"

அரியநாயகம் தன்னைக் குனிந்து பார்த்தார். பக்கத்துக் கடைச் சிங்களவன் பியதாச, பின்கதவால் எறிந்துவிட்ட சாரம். அவனுடைய சேட்டு.

"இதே மாதிரித்தான், ராசாத்தி" என்றார். "சாரமும் சேட்டும். சும்மா, எல்லாரும் உடுக்கிற உடுப்பு."

பூசணி பஸ்ஸடியைச் சுற்றிப் பார்த்தாள். சாரமும் சேட்டுமாக எத்தனையோ பேர் நின்றார்கள். சாரதி, தேத்தண்ணிக் கடைக்காரர், சைக்கிளில் வந்தவர்.

"விளங்குதோ, பிள்ளை?" என்று அவர் மெல்லக் கேட்டார்.

அவள் அவருடைய கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டாள். சிவப்பு அங்கிக்கு முன்னால் நின்ற அன்று போல, தலையை மட்டும் ஆட்டவில்லை.